அக்கா ஒருக்கால்தான் கேட்பார்

எதையும் அக்கா ஒருக்கால்தான் கேட்பார். சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார். திருப்பிக் கேட்கமாட்டார், முகத்தை உற்றுப் பார்க்கமாட்டார், நீங்கள் போன பிறகு இன்னொருவரிடம் விசாரிக்கவும் மாட்டார். மோட்டார் சைக்கிள் திருத்துகிற இடத்தில் அப்படி ஒரு ஆள் இருப்பது கொஞ்சம் கரைச்சலான விசயம். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு பொய்யையும் சேர்த்து உருட்டிக்கொண்டுதான் வருவார்கள். பள்ளத்தில் விட்டவன் கல்லில் ஏறியது என்பான். மச்சானிடம் ஓடக் கொடுத்தவன் தானே ஓடினேன் என்பான்.

ஒருமுறை கந்தளாய்ப் பக்கத்து ஆள் ஒருவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லை லொறியில் போட்டுக்கொண்டு வந்தார். சில்லு முறுகி எட்டுப்போலக் கிடந்தது. ஆனை மிதித்தது என்றார். முதலாளி மற்றப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, குனிந்துகொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கத்தால மிதிச்சது?" என்று கேட்டார்.

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு இடப்பக்கம் என்றார். இடப்பக்கம் மிதிபட்ட சில்லாகவே அதை எடுத்துக்கொண்டு அக்கா ஒரு பகல் முழுக்க மினக்கெட்டார். கம்பிகளின் நெளிவோ வேறு கதை சொன்னது. மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம், ஆனை இடப்பக்கத்தால் வந்து பிறகு நேரே நின்று மிதித்திருக்கிறது போல என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த மனிதர் அடுத்த கிழமை ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்து நின்றார். குடிவெறியில் ஓடி மதகில் மோதினது என்று சொல்லித் தலையைச் சொறிந்தார். அக்கா "அப்ப சரி" என்றார். தயிரை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

எங்கள் கராஜ் உள்துறைமுக வீதியில், கடலைப் பார்த்த வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. இப்போதும் இருக்கிறது. வெள்ளைக்காரனின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் வந்த மோட்டார் சைக்கிள்களில் கொஞ்சம் இந்த ஊரோடேயே தங்கிவிட்டன. உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு, கோழிக்கூட்டுக்குள்ளும் விறகுக்குக் கீழும் கிடந்ததுகளை ஆட்கள் வெளியே இழுக்கத் தொடங்கினார்கள். இஞ்சினைக்கூட எப்படியாவது உயிர்ப்பித்துவிடலாம். சில்லுத்தான் சரிவராது. இந்தத் துறைமுகத்து உப்புக்காற்று முதலில் கம்பியைத்தான் தின்னும். பார்வைக்குக் கம்பிபோல இருக்கும், கையால் வளைத்தால் சுள்ளிபோல முறியும். அப்படியான சில்லுகளுக்குப் புதுக் கம்பி கட்டுவதுதான் அக்காவின் வேலை.

அவரை முதன்முதல் காண்கிறவர்களுக்கு நம்பிக்கை வராது. பாலையூற்றிலிருந்து தினம் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும் ஐம்பது வயதுப் பொம்பிளை. சட்டைக்கு மேலே ஆண்பிள்ளைச் சேர்ட் ஒன்றைப் போட்டு மேல் பொத்தானையும் பூட்டியிருப்பார். கழுத்தில் செபமாலை. வேலை தொடங்கும்போது அதைத் தூக்கிச் சேர்ட்டுக்குள் விட்டுவிடுவார். ஒரு குட்டி வாங்கில் இருந்துகொண்டு, சில்லின் நடுக்கட்டையை மடியில் வைத்து, நாற்பது கம்பியையும் நாலு பத்தாகப் பிரித்துக் கோர்ப்பார். உள்ளால் போகிறது, வெளியால் வருகிறது, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுகிறது. அரை மணித்தியாலத்தில் ஒன்றுமில்லாத இரும்பு வளையம் ஒன்று சில்லாகி நிற்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. இறுக்குவதும் தளர்த்துவதுமாக, கோட்டம் எல்லாம் எடுத்து, சுற்றிவிட்டால் ஆடாமல் ஓடும்வரைக்கும் விடமாட்டார்.

இறுக்கம் சரியா என்று பார்க்கச் சின்னச் சாவியின் பிடியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம் வைத்திருந்தார். தளர்ந்த கம்பி என்றால், "இவன் இன்னும் எழும்பேல்லை" என்பார். கூடுதலாக இறுகியிருந்தால், "இவருக்குக் கோவம்" என்பார். நாற்பதும் ஒரே மாதிரிச் சத்தம் போட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், சில்லை என் பக்கம் உருட்டிவிடுவார்.

நான் ரயர் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள், ஊர்ப்பட்ட கராஜ்களில் காற்றடித்து ஒட்டுப் போட்டு, முப்பத்தெட்டு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு ஏலாது. ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் வேலை ஓடாது. அக்காவுக்கு அது பெரிய பகிடி. வாடிக்கையாளர் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், "அவனிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, ரயரிட்டக் கேளுங்கோ, அது கதைக்கும்" என்பார். ஆனால் அவர் கட்டின சில்லுக்கு வேறு யாரும் ரயர் ஏற்ற விடமாட்டார். நான் காய்ச்சலாய்க் கிடந்தால் சில்லு சுவரில் சாய்ந்து எனக்காகக் காத்திருக்கும். முதலாளி கத்தினாலும் அப்படித்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. கம்பியின் நுனியில் நிப்பிள் என்று ஒரு சின்னப் பித்தளைத் தொப்பி இருக்கிறது. அதைத் திருகித்தான் கம்பியை இறுக்குவது. இறுக்க இறுக்கக் கம்பியின் நுனி சில நேரம் தொப்பியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும். மயிரளவு எட்டிப் பார்த்தாலும் போதும், உள்ளே இருக்கிற ரியூப்பை அது அரித்துக்கொண்டே இருந்து ஒருநாள் குத்திவிடும். ஆகவே அந்த நுனிகளை அரத்தால் ராவி மட்டமாக்கி, பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, மேலே ரப்பர் நாடா சுற்றி, பிறகுதான் ரியூப்பும் ரயரும் ஏற்றவேண்டும். அது என் பங்கு. காற்றடித்த பிறகு சில்லு திரும்பவும் அக்காவிடம் போகும். கடைசியாக ஒருதரம் தட்டிக் கேட்டு, தளர்ந்த கம்பி ஏதும் அகப்பட்டால் கால் சுற்று இறுக்குவார். கால் சுற்றுக்கு மேல் ஒருநாளும் இல்லை. அதற்கு மேல் போனால் நான் ராவின நுனி திரும்பவும் வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

நான் சில்லைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அக்கா கேட்பார்: "எல்லாம் ராவினனியோ?"

நான் "ஓம் அக்கா" என்பேன்.

அவ்வளவுதான். மூன்று வருசமாக நாங்கள் இருவரும் ஒவ்வொரு சில்லுக்கும் பேசிக்கொண்டது இதுதான்.

நான் அங்கே சேர்ந்த முதல் கிழமை, இங்கிலீசு வாசிக்கத் தெரியுமோ என்று கேட்டார். வெட்கத்தில் தெரியும் என்றுவிட்டேன். கொழும்பிலிருந்து வரும் கம்பிப் பெட்டிகளை அன்றைக்கே என்னிடம் தந்துவிட்டார். பெட்டியின் மேலே உள்கம்பி எது, வெளிக்கம்பி எது, எந்தப் பக்கத்துக்கு எது என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் தலை வளைவு வேறு, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாறினால் முறியும். நான் அந்தச் சொற்களைக் கைக்குள் மறைத்துப் படம்போலக் கீறிக்கொண்டு, பக்கத்து மருந்துக்கடைப் பிள்ளையிடம் போய்க் கேட்டேன். ஒரு கிழமையில் நாலு சொல்லும் பாடம். அக்கா கடைசிவரைக்கும் என்னை இங்கிலீசு படித்த ஆள் என்றுதான் நினைத்திருந்தார்.

கொழும்புக் கடைக்காரனோடு கதைக்கவும் முதலாளி அக்காவைத்தான் விடுவார். முதலாளி கேட்டால் அவன் கையில் இருப்பதை எல்லாம் சரியான அளவு என்று சொல்லி அனுப்பிவிடுவான். அக்கா ரெலிபோனை வாங்கி, "தம்பி, இது அந்த அளவுதானே?" என்று ஒருக்கால் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பிறகு அவன், பொறுங்கோ அக்கா, அளந்து பார்த்துச் சொல்லுகிறேன் என்பான். நம்புகிற ஆளிடம் பொய் சொல்வது அவ்வளவு சுகமில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தம்பலகாமத்து விவசாயி ஒருவர் தன்னுடைய அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். அப்பா செத்து இருபது வருசம், சைக்கிள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. ஆறு மாதமாகத் துண்டு துண்டாக எல்லாம் சரிக்கட்டி, கடைசியாகச் சில்லு இரண்டுக்கும் கம்பி கட்ட வந்தது. அந்த மனிதர் ஒரு நாள்விட்டு ஒரு நாள் வந்து, அக்கா வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். கடைசி நாள் மத்தியானம் குடும்பத்தோடு ஒரு வானில் வந்து இறங்கினார். அவருடைய மனிசி, பிள்ளைகள், சகோதரி, சகோதரியின் மகன். மனிசியைப் பின்னால் இருத்திக்கொண்டு வீடுவரைக்கும் ஓடுவது என்று முடிவு. அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் அந்தச் சைக்கிளில் முதன்முதல் ஊருக்குள் வந்தார்களாம்.

பின்சில்லு ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. முன்சில்லு என் கையில் இருந்தது. நான் நுனிகளை ராவிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சகோதரியின் மகன் கொழும்பில் வேலை செய்கிறவன். போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினான். முதலில் அக்காவை எடுத்தான். அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகு எனக்கு முன்னால் வந்து குந்தினான்.

"அண்ணை, என்ன செய்யிறீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. இஞ்ச, கமராவைப் பாத்துச் சொல்லுங்கோ."

எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்களும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். சின்னப் பிள்ளை ஒன்று, இந்த மாமாவுக்குக் கதைக்கத் தெரியாதோ என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா வீட்டுக்காரர் சிரிக்கிற சிரிப்புத்தான். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பெருவிரலால் தடவிக்கொண்டு போனேன். வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு நுனி குத்தியது. அதற்கு அடுத்ததும் குத்தியது. அரம் மடியில்தான் கிடந்தது. எடுத்திருந்தால் இரண்டு நிமிசம். அவன் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தான். நான் ரப்பர் நாடாவை எடுத்துச் சுற்றிவிட்டேன்.

தெரியாமல் நடந்தது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். விரலுக்குத் தெரிந்தது. நாடா தடிப்பானது, தாங்கும் என்று மனதுக்குள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

ரியூப், ரயர் எல்லாம் ஏற்றிக் காற்றடித்து அக்காவிடம் உருட்டிக்கொண்டு போனேன்.

"எல்லாம் ராவினனியோ?"

"ஓம் அக்கா."

அக்கா தட்டிக் கேட்டார். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. கால் சுற்று இறுக்கினார். அந்தக் குடும்பம் கைதட்டியது. புதுக் கம்பி கட்டின சில்லு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். அதனால் ஓடிப்போட்டு நாளைக்குத் திருப்பிக் கொண்டுவாங்கோ, திரும்ப ஒருக்கால் இறுக்கவேணும் என்று அந்த மனிதரிடம் சொன்னார். எல்லாரிடமும் சொல்வதுதான். மெதுவாகப் போங்கோ என்று மனிசிக்கும் சொன்னார்.

பாதி வழியில் இருக்கிற கப்பல்துறையைக்கூட அவர்கள் தாண்டவில்லை. பின்னேரம் நாலு மணிபோல முதலாளியின் போன் அடித்தது. முன்சில்லில் காற்று ஒரேயடியாகப் போய்ச் சைக்கிள் மறிந்துவிட்டது. மனிதருக்கு முழங்காலில் உரசல். மனிசி வலக்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர் ஊரில் சட்டை தைக்கிறவர் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை சகோதரியின் மகன் சில்லை வானில் கொண்டுவந்து கராஜ் வாசலில் போட்டான். இந்த முறை போனை வெளியே எடுக்கவில்லை. முதலாளி ரயரைக் கழற்றினார். நாடாவைக் கிழித்துக்கொண்டு வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நுனி நெல் முனைபோல நின்றது. என் விரலில் குத்தினது என்று சொன்னேனே, அதில் முதலாவது. அக்கா கடைசியாகக் கால் சுற்று இறுக்கினதும் அதே கம்பி.

முதலாளி அக்காவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது.

"இது ஆரின்ட பிழை?"

நான் வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். அக்கா இப்போது என் பக்கம் திரும்பிக் கேட்பார், கேட்டால் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவே இல்லை. அவர் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

"தம்பி ராவினவன்," என்றார். "நான் கேட்டனான். கடைசியா நான் இறுக்கேக்க கூடிப் போயிருக்கு. என்ட கை."

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிழை உன்னில் இல்லை என்ற மாதிரி. நான் குனிந்து நின்றேன். வெட்கப்படுகிற ஆள் குனிந்து நின்றால் அதை யாரும் புதுமையாகப் பார்க்கமாட்டார்கள்.

அன்று பின்னேரம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தனியப் போக மனம் வரவில்லை, நீ கூட வா தம்பி என்று கேட்டார். வழியில் அப்பிள் வாங்கினோம், பை என் கையில் இருந்தது. அந்த மனிசி கட்டிலில் சாய்ந்திருந்தார். முழங்கைவரைக்கும் வெள்ளைக் கட்டு. மனிதர் கட்டிலின் மற்றப் பக்கம் நின்றார், எங்களைக் கண்டதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிள்ளை," என்றார் அக்கா, "என்ட கையால வந்த பிழை. உங்களிட்ட நேர சொல்லவேணும் எண்டு வந்தனான்."

அந்த மனிசி நல்லவர். உயிர் இருக்கிறதுதானே, விடுங்கோ அம்மா என்றார். எப்போது திரும்பத் தைக்கலாம் என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்கா அந்தக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். யன்னல் பக்கம் நின்ற மனிதர் திரும்பாமலே, எங்கட அப்பா இந்தச் சைக்கிளில் ஓடின காலம் முழுக்க ஒருக்கால்கூட விழேல்லை என்றார். நான் அப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழு நேரமும் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வெளியே வரும்போது, "ஏன் உன்ட கண் சிவந்திருக்கு?" என்று கேட்டார். தூசி என்றேன். என்னை மர நிழலில் நிறுத்தி, இமையைப் பிரித்துப் பிடித்து ஊதிவிட்டார். அவருடைய விரலில் இரும்பு மணம் இருந்தது. போயிட்டுதோ என்று கேட்டார். போயிட்டுது என்றேன்.

அக்காவை யாரும் வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. மறுநாளே முதலாளி வேறு ஒரு சில்லை அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். அக்கா வழக்கம்போலச் செபமாலையைச் சேர்ட்டுக்குள் விட்டுக்கொண்டு கோர்க்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக் கழற்றினார். திரும்பக் கோர்த்தார். இறுக்கினார். தட்டிக் கேட்டார். பட்டப்பெயர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டிய கம்பியையே திரும்பத் தட்டினார். எதையும் ஒருக்கால் மட்டும் கேட்கிற ஆள், ஒரு கம்பியை ஐந்து தரம், ஆறு தரம் தட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் முதலாளியிடம் போய், தன்னால் இனி ஏலாது என்றார்.

முதலாளி கெஞ்சினார். பிழை விடாத மனிசர் ஆர் இருக்கிறார்கள், ஒரு சில்லுத்தானே என்றார்.

"பிழை எங்க வந்தது எண்டு தெரிஞ்சால் திருத்தலாம்," என்றார் அக்கா. "நான் கால் சுற்றுத்தான் திருகினனான் எண்டுதான் என்ட கை இப்பவும் சொல்லுது. அது பொய் சொல்லுது. பொய் சொல்லுற கையை வைச்சு நான் என்னெண்டு ஆக்களை ஏத்தி அனுப்புறது?"

நான் பத்தடி தள்ளி ஒரு ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். குமிழி வந்துகொண்டிருந்தது. பிழை எங்கே வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு சொல் போதும். முதலாளி என்னை நிற்பாட்டியிருப்பார், அவ்வளவுதான். வேறு கராஜ் கிடைத்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லாமல் விடவில்லை. அந்த இடத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே, அதைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது. அதற்காக அக்காவின் கையைப் பொய்க் கை ஆக்கினேன்.

அக்கா போகும்போது எனக்கு மட்டும் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். நீ நல்லாய் ராவுவாய், வாற ஆளுக்கும் இப்படியே செய்து குடு என்றார். வாற ஆள் என்று யாரும் வரவில்லை. அதன் பிறகு சில்லுகளைக் கொழும்புக்கு அனுப்பித்தான் எடுக்கிறோம்.

எட்டு வருசம் போனது. அக்கா குச்சவெளியில் தங்கைச்சி வீட்டோடு போய்விட்டார் என்றும், அங்கே இறால் துப்புரவாக்கிக் கொடுக்கிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். நிலாவெளிப் பக்கம் அலுவலாகப் போகிற நேரமெல்லாம், அந்தக் குச்சவெளி பஸ் என்னைத் தாண்டிப் போகும். ஏறமாட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என் மனிசியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன மாசியில் ஒருநாள் ஏறிவிட்டேன். குறிப்பாக ஒன்றும் நடக்கவில்லை. கராஜில் வேலை இல்லாத நாள், பஸ் வந்து முன்னால் நின்றது, ஏறினேன். வழி முழுக்கச் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அக்கா வீட்டு முற்றத்தில் தங்கைச்சியோடு இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டு எழும்பினார். இன்னும் அதே மாதிரிச் சேர்ட். தலை நன்றாக நரைத்துவிட்டது. ரயர் வந்திருக்கு, இனிக் கதைக்கும் என்று தங்கைச்சிக்குச் சொல்லிச் சிரித்தார். கதிரை போட்டார், பிளேன்ரீ வந்தது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், முதலாளியின் சீனி வருத்தத்தைப் பற்றிக் கேட்டார். தேத்தண்ணி முடியும்வரைக்கும் நான் சொல்லவில்லை. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தத் தம்பலகாமத்துச் சில்லில ரெண்டு கம்பி நான் ராவேல்லை. குத்தினது, தெரிஞ்சுதான் விட்டனான். ராவினனான் எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான். உங்கட கையில பிழை இல்லை."

தங்கைச்சி இறால் உடைப்பதை நிறுத்தவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி ஒருவரையும் பார்த்து நான் கண்டதில்லை.

"நீயோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"உண்மையாவோ?"

இரண்டாம் தரம் கேட்டார். உண்மையாகத்தான் என்றேன். கமராப் பெடியனை, பிள்ளை சிரித்ததை, நாடா தாங்கும் என்று நினைத்ததை எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய வலக்கையை விரித்து வைத்துப் பார்த்தார். இறால் முள் கீறின விரல்கள். எட்டு வருசமாக அந்தக் கையை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இல்லை தம்பி," என்றார் மெதுவாக. "நீ ராவினனி. நான் கேட்டனான், நீ சொன்னனி."

"பொய் சொன்னனான் அக்கா."

"நீ ராவேல்லை எண்டால், நான் ஏனடா நிப்பாட்டினனான்?"

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு திரும்பவும் இறால் சட்டிக்கு முன்னால் இருந்தார். கொஞ்சம் பொறுத்துத் தங்கைச்சியிடம், இவன் சின்ன வயசில இருந்தே இரக்கமான பெடியன், நான் மனம் நொந்துகொண்டு இருப்பன் எண்டு இவ்வளவு தூரம் வந்து தன்ட தலையில பழியைப் போடுறான் பார் என்றார். அவர் என்னைச் சின்ன வயசில் கண்டதே இல்லை. தங்கைச்சி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இருந்தது.

திரும்பவும் சொல்லியிருக்கலாம். சத்தியம் பண்ணியிருக்கலாம், அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கலாம். நான் செய்யவில்லை. அவர் நம்பவில்லை என்று விளங்கின அந்த நேரம் என் உடம்பில் ஏதோ ஒரு இறுக்கம் விட்டது. சுகமாகக்கூட இருந்தது.

பஸ் வரும் நேரம் அக்கா உள்ளே போய், காய்ந்த இறாலில் நல்லதாகப் பொறுக்கி, கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடு, இப்படி நல்ல மனசு இப்ப ஆருக்கு இருக்கு என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.